படகு வந்தது, பாடம் எங்கே?

படகு விடுவது வேறு; படகோட்டக் கற்பிப்பது வேறு. முதலாவதை நம் நாட்டில் சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் ஒப்பந்தக்காரர்களும் போட்டியிட்டுக்கொண்டு செய்து வருகிறார்கள். இரண்டாவதைச் செய்வார் மிகச் சிலரே. உல்லாசப் பிரயாணிகள் கூடும் ஏரிக்கரை எதுவாயினும், அங்கே சீட்டு விற்கும் ஜன்னல் ஒன்று இருக்கக் காண்கிறோம். பாடம் சொல்லும் திண்ணை ஒன்றைக் காண்பது அரிது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியிலேதான் மனித உயிர்கள் மீண்டும் மீண்டும் மூழ்குகின்றன என்பது நமது அபிப்பிராயம்.

இதை இன்று எழுத நேர்ந்த காரணம் ஜவ்வாது மலை. சந்தன மரத்துக்கும் சாமைக்கும் தேனுக்கும் பெயர் பெற்ற அம்மலை இப்போது உல்லாசப் பிரயாணிகளின் கண்ணில் பட்டிருக்கிறது. திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த ஜமுனாமரத்தூருக்கு அருகில் கோமுட்டேரியில் படகுத்துறை அமைத்திருக்கிறார்கள். அடுத்த மலையாகிய ஏலகிரியில், புங்கனூர் ஏரியிலும் படகுத்துறை உண்டு. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. நாடு என்பது மலைவாழ் மக்களின் ஊர்த்தொகுதிக்கு வழங்கும் பழம் பெயர். இன்று அவை ஊராட்சிகள். இந்த நாடுகளில் பிறக்கும் பிள்ளை கடலைக் காணாமலே வளரக்கூடும். ஆனால் ஏரியும் ஓடையும் கிணறும் அவன் கண்முன் இருப்பவை. தன் மலைக்கு வருகிற பட்டணத்தாரைப் படகில் ஏற்றும் வேலையும் நாளை அவனைத் தேடி வரலாம். அந்த வேலைக்கு அவனைத் தகுதியாக்குவது யார் பொறுப்பு என்பதே நமது கேள்வி.

மலைமேல் ஒரு சிற்றேரி. அதில் காலால் மிதிக்கும் படகு நாலைந்து. இதற்குக் கப்பலோட்டும் சாஸ்திரம் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் நகைக்கு முன் சில தேதிகளை நினைவு கூருவது நலம்.

2007-ம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி, கேரளத்துத் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குச் சென்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படகு மூழ்கியது. 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் மாண்டார்கள். 2009-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, முல்லைப் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கமாகிய தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தென்பட்ட காட்டு விலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, நமது பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப் படகொன்றில் உல்லாசமாகச் சென்ற குடும்பத்தார் 22 பேர் மாண்டார்கள். 2023-ம் வருஷம் மே 7-ந் தேதி, மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்த தானூரில், பொழுது சாய்ந்த பிறகு அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். மீன்பிடி படகைத்தான் உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். 2024-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி, குஜராத்தின் வடோதரா நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள்.

நேயர்கள் இவற்றை ஒரு முறை கூர்ந்து பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் புயலடித்த நடுக்கடலில் நேர்ந்ததன்று. ஹர்ணி ஏரி ஊருக்கு நடுவே இருப்பது. தேக்கடி, மலைமேல் தேங்கிய நீர். ஆகவே, ‘சிற்றேரிதானே’ என்று சொல்வது தைரியமுமல்ல, அனுபவமுமல்ல, அறியாமையே. கடலில் செல்பவன் கடலுக்கு அஞ்சுகிறான். அந்த அச்சம் அவனுக்குப் பாதிப் பாதுகாப்பு. ஏரியில் செல்பவன் அஞ்சுவதில்லை. அஞ்சாமையோடு அறியாமையும் சேர்ந்துவிட்டால், மூழ்குவதற்கு இரண்டு ஆள் ஆழமே போதும்.

விதி என்று சொல்லிக் கைகழுவுவோரும் நம்மிடையே உண்டு. விதியின்மேல் பழி போடுவதற்கு முன், மனிதர் செய்த காரியங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். படகு கொள்ளும் அளவுக்கு மேல் ஆட்கள். மிதவைச் சட்டை இல்லாமை, அல்லது இருந்தும் அணியாமை. படகின் அமைப்பு அறிந்தவர் கையில் சோதிக்கப்படாமை. ஓட்டுபவனுக்கு முறையான பயிற்சியின்மை. ஏறியவர்களுக்கு எங்கே உட்காருவது, எப்போது எழக்கூடாது என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லாமை. விபத்துக்கு விபத்து இவற்றில் ஒன்றோ பலவோ கூடியிருக்கக் காண்கிறோம். இவற்றுள் எது விதியின் செயல்?

படகு ஏன் கவிழ்கிறது என்பதை அறிய பெரிய கணித ஞானம் வேண்டியதில்லை. வைக்கோலை உயரப் பாரமேற்றிய வண்டி, சிறு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் குடை சாய்வதை நம் கிராமத்தார் யாவரும் அறிவர். அதே வைக்கோலைத் தாழப் பரப்பி ஏற்றினால் வண்டி அசைந்து கொடுத்து நேராகும். படகும் அப்படியே. உட்கார்ந்திருப்பவனின் பாரம் தாழ இருக்கிறது. அவன் எழுந்து நின்றால் அதே பாரம் உயர்கிறது. மேல் தட்டில் பத்துப் பேர் ஏறினால் மேலும் உயர்கிறது. அந்தப் பத்துப் பேரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு சாய்கிறது. சாய்ந்த விளிம்பின் வழியே புகுந்த நீர் நடுவில் தங்குவதில்லை. சாய்ந்த பக்கத்துக்கே ஓடி மேலும் சாய்க்கிறது. இவ்வளவும் நடந்து முடியச் சில விநாடிகள் போதும். அதன் பின் கூச்சலிடுவதற்குத்தான் நேரம் இருக்கும், யோசிப்பதற்கு இராது. மீன்பிடி படகின்மேல் தட்டும் கூரையும் எழுப்பி ஆட்களை ஏற்றுவதில் உள்ள அபாயமும் இதுவே. வலை இழுக்கும் தொழிலுக்காகச் செய்யப்பட்ட அடிப்பாகம், தலைமேல் கட்டிய மாடியைத் தாங்கும் என்று யாரும் உறுதி கூறவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பாடம் இரண்டு பேருக்கு வேண்டும்: ஏறுபவனுக்கு ஒன்று, ஓட்டுபவனுக்கு ஒன்று.

ஏறுபவனுக்கு வேண்டிய பாடம் ஐந்து நிமிஷத்தில் முடிவது. ‘லைஃப் ஜாக்கெட்’ என்று எல்லோரும் சொல்லும் மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து, வாரைக் கட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும்; அது காதளவு உயர்ந்து வருமானால் தண்ணீரில் கழன்றுவிடும். அதைத் தோளில் தொங்கவிட்டுக் கொள்வதும் மடியில் வைத்துக் கொள்வதும் அணியாததற்குச் சமானம். நீரில் ஒரு மனிதனின் தலையை வெளியே நிறுத்த மூன்று முதல் ஐந்தரை கிலோ வரை மிதப்பு விசை கூடுதலாகக் கிடைத்தால் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய உதவிதான் பிழைத்தவனையும் இறந்தவனையும் பிரிக்கிறது.

படகில் ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, உடலைத் தாழ்த்தி, நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். உட்கார்ந்தபின் எழலாகாது. படம் பிடிப்பதற்காக எழுவதும், மிதிபடகில் நடு ஏரியில் இடம் மாற்றிக் கொள்வதும் அபாயத்தை விலைக்கு வாங்குவதாகும். படகு கவிழ்ந்துவிட்டால் அதை விட்டு நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும், அதைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். நீரின்மேல் கரை எப்போதும் உள்ளதைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி நீந்திய நல்ல நீச்சல்காரரும் களைத்து மூழ்கியதுண்டு. பிறர் மூழ்கக் கண்டால் பாய்ந்து குதிக்கலாகாது. துடுப்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு, கயிறில்லையேல் வேஷ்டியோ சேலையோ துண்டோ எதுவாயினும் வீசு. காப்பாற்றப் போனவனும் மூழ்கும் கதை நம் குளங்களிலும் கிணறுகளிலும் எத்தனை முறை நடந்திருக்கிறது! வீரம் போற்றத்தக்கதே; ஆனால் கயிற்றோடு கூடிய வீரமே இருவரையும் கரை சேர்க்கும்.

ஓட்டுபவனுக்கு வேண்டிய பாடம் ஐந்து நிமிஷத்தில் முடியாது. சில வாரங்கள் வேண்டும். ஆட்களை எண்ணி ஏற்றுவதும், அணியத்துக்கும் அமரத்துக்கும் பாரத்தைப் பகிர்ந்து வைப்பதும், நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதும் முதற் பாடம். எதிரே படகு வந்தால் இருவரும் தத்தம் வலப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது 1972-ம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தம் வகுத்த கடல் விதி; ஏரிக்கும் அது ஏற்றதே. எஞ்சின் படகு ஓட்டுபவன், தான் நீரில் விழுந்தால் எஞ்சின் தானே நின்றுபோகும்படி, நிறுத்துக் கயிற்றை உடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் ஆளில்லாத படகு சுற்றி வந்து, விழுந்தவர்களையே விசிறியால் வெட்டும். நீரில் கிடப்பவரை நோக்கிச் செல்லும்போது காற்றை எதிர்த்து, வேகம் தணித்து, கிட்டியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

வானத்தைப் பார்ப்பது அடுத்த பாடம். மலைப் பிரதேசத்தில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை திடீரென்று திரளும். மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடியோசை கேட்குமானால், மழை சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள்; ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகிறது. அப்பொழுதே படகுகளைக் கரைக்கு அழைத்துவிட வேண்டும். சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேருமே என்று தயங்கும் முதலாளியிடம் மறுத்துப் பேசும் அதிகாரம் ஓட்டுபவனுக்கு இருக்க வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் உள்ளவனுக்கே அந்த வாய் திறக்கும். தினக்கூலிக்கு நேற்று வந்தவன் எப்படி மறுப்பான்?

கடைசிப் பாடம், மூழ்கியவரைக் கரையேற்றியபின் செய்ய வேண்டியது. மூச்சு நின்றவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம் நாட்டில் பழகிப்போன வழக்கம். இது பயன் தராதது, கேடும் விளைவிப்பது. அவருக்கு முதலில் வேண்டியது காற்று. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தி, வைத்தியர் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். இதை அறிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு படகுத்துறையிலும் இருக்க வேண்டும். மலைமேல் ஆம்புலன்ஸ் வந்து சேரப் பிடிக்கும் நேரத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் இதன் அவசியத்தை உடனே உணர்வார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். சென்னை ராஜதானிக்கு 1890-லேயே கால்வாய்களையும் பொதுத் துறைகளையும் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. 1917-ல் உள்நாட்டு நீராவிக் கலங்களுக்கு அகில இந்தியச் சட்டம் வந்தது. அதன் கவனமெல்லாம் இயந்திரத்தால் ஓடும் கலங்களின்மேல். துடுப்புப் படகும் பரிசலும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, 2021-ல், பழைய சட்டத்தை நீக்கி உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. கலங்களைப் பதிவு செய்வது, சோதிப்பது, தகுதியுள்ள மாலுமிகளை அமர்த்துவது, உயிர்காக்கும் சாதனங்களை வைப்பது ஆகிய யாவற்றுக்கும் அதில் இடமுண்டு. எஞ்சின் இல்லாத படகுகளையும் ஜில்லா, தாலூகா, கிராமம் என்ற அளவில் பதிவு செய்ய அது வழி காட்டுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கவனக் குறைவால் மரணம் விளைவித்தவனுக்கு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதீய நியாய சன்ஹிதையின் 106-வது பிரிவு ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய பீனல் கோடில் அது இரண்டு வருஷமாகவே இருந்தது.

எனவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சட்டத்தின் தன்மை என்ன? அது பெரும்பாலும் பிணம் கரையேறிய பிறகே கண் விழிக்கிறது. விசாரணைக் கமிஷன், நஷ்ட ஈடு, கைது, ஜாமீன், சில மாதப் பரபரப்பு, பின்பு மறதி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யும் இவ்வழக்கத்தை விட்டொழிக்க வேண்டுமானால், தண்டிக்கும் சட்டத்தோடு கற்பிக்கும் ஏற்பாடும் சேர வேண்டும். நியாயஸ்தலத்தில் பேசும் வக்கீலைவிடக் கரையில் நின்று எண்ணும் ஓடக்காரன் அதிக உயிர்களைக் காப்பாற்றுவான். இதை நாம் நமது தொழிலை அறிந்தே கூறுகிறோம்.

அந்நிய தேசங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பிரிட்டனில் 1824-லேயே உயிர்காப்புப் படகுகளுக்கென்று தர்ம ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. பாய்மரப் படகுக்காரர்களின் சங்கம் 1875 முதல் இருந்து வருகிறது, இன்று பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுவோருக்குப் படிப்படியான பாடத்திட்டம் வகுத்து நடத்துகிறது. அமெரிக்காவில் 1914-ல் படகுக்காரர்கள் தாங்களே கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கும் சங்கம் கண்டார்கள். 1939-ல் கடலோரக் காவற் படைக்குத் துணையாகத் தொண்டர் படை ஏற்பட்டது. அந்தக் காவற் படை வருஷந்தோறும் வெளியிடும் கணக்கு நமக்கு மிகவும் உபயோகமானது. 2023-ல் அந்நாட்டில் உல்லாசப் படகு விபத்துக்களில் இறந்தவர் 564 பேர். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில், விவரம் தெரிந்த அளவில், 100-க்கு 87 பேர் மிதவைச் சட்டை அணியாதவர்கள். ஓட்டியவரின் பயிற்சி விவரம் தெரிந்த மரணங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு, பாதுகாப்புப் பாடம் பெறாதவர் ஓட்டிய படகுகளில் நேர்ந்தவை. செல்வமும் சாதனமும் மிகுந்த நாட்டிலேயே அறியாமை இவ்வளவு உயிரைக் கொள்ளுமானால், நம் நாட்டில் எவ்வளவு கொள்ளும்? 2022-ல் இந்தியாவில் நீரில் மூழ்கி மாண்டவர் 38,000-க்கு மேற்பட்டவர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டுக் கணக்கு கூறுகிறது. இவர்களில் படகில் சென்றோர் சிலரே. குளத்திலும் கிணற்றிலும் ஆற்றிலும் இறந்தோரே மிகுதி. ஆயினும் நீரை அறியாமை இருவருக்கும் பொது.

நமக்குக் கடலறிவு புதிதன்று. தமிழனின் கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயன் அப்படியே தன் பாஷையில் எடுத்துக்கொண்டான். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரை நாம் நமது நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. பரதவரும் பட்டினவரும் காற்றையும் நீரோட்டத்தையும் படித்த படிப்பு எந்தக் கலாசாலையிலும் கிடைக்காதது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோர் காவிரியின் சுழிகளைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவார்கள். ஆனால் இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதேயன்றிப் பொதுக் கல்வியாகவில்லை. மறுபுறம், வெள்ளையர் தங்கள் உல்லாசத்துக்காக 1867-ல் சென்னைப் படகுச் சங்கத்தையும் 1911-ல் பாய்மரப் படகுச் சங்கத்தையும் அமைத்துத் துடுப்பு வலிப்பதையும் பாய் விரிப்பதையும் ஒழுங்காகக் கற்பித்துக் கொண்டார்கள். சுதந்திரம் வந்தது; சங்கங்கள் நம்மவர் கைக்கு வந்தன; ஆயினும் அந்தப் பயிற்சி பட்டணத்துச் சிலரைத் தாண்டி மலைக்கும் ஏரிக்கும் பரவவில்லை. படகு மட்டும் பரவியது. கருவி பரவி, கல்வி பரவாமல் நின்றால் அது முன்னேற்றமாகாது. அபாயத்தின் பெருக்கமே ஆகும்.

நெல்லிவாசல்நாட்டுக்குத் திரும்புவோம். அம்மலையில் வேலையின்மை சாதாரணத் துன்பமன்று. கூலிக்காக மலையிறங்கி, ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்குச் சென்ற வாலிபர் பலர். 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸார் சுட்டதில் தமிழ்நாட்டார் 20 பேர் மாண்டதை நாடு மறந்திருக்க முடியாது. அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தன் மலையில் கௌரவமான பிழைப்பு இருந்தால் கோடரியை எடுத்துக்கொண்டு அந்நியக் காட்டுக்குப் போவானேன்? உல்லாசப் பிரயாணிகள் மலைக்கு வருவது உறுதியாகிவிட்டது. அவர்கள் கொண்டுவரும் பணம் கீழ்நாட்டு ஒப்பந்தக்காரர் பைக்குச் சென்று, மலைமகனுக்குப் படகு கழுவும் கூலி மட்டும் மிஞ்சுமானால், அதை வளர்ச்சி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பயிற்சி பெற்ற ஓடக்காரனுக்கு, உயிர்காப்பாளனுக்கு, எஞ்சின் பழுது பார்ப்பவனுக்கு நாட்டில் எங்கும் வேலை உண்டு. கோவாவில் தேசிய நீர்விளையாட்டு ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது; மத்திய சர்க்காரின் சுற்றுலா இலாகாவைச் சார்ந்தது. எஞ்சின் படகு ஓட்டுவதிலும் உயிர் காப்பதிலும் அங்கே பயிற்சி தருகிறார்கள். இந்த மூன்று நாடுகளிலிருந்தும் வருஷத்துக்குப் பத்து வாலிபரைச் சர்க்கார் செலவில் அனுப்பினால் என்ன கெட்டுப்போகும்? அவர்கள் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள்.

ஆக்ஷேபங்கள் எழும் என்பதை நாம் அறிவோம். செலவு என்பார்கள். ஒரு விபத்துக்குப்பின் கொடுக்கும் நஷ்ட ஈட்டில் பல வருஷப் பயிற்சியை நடத்திவிடலாம். அபாயத்தைப் பற்றிப் பேசினால் பிரயாணிகள் பயந்து வரமாட்டார்கள் என்பார்கள். ஆகாய விமானத்தில் ஏறியவுடன் பணிப்பெண் இடுப்பு வாரையும் மிதவைச் சட்டையையும் காட்டிப் பாடம் சொல்கிறாள். அதனால் எவரும் இறங்கி ஓடிவிடவில்லை. பழக்கத்தால் ஓட்டுபவனுக்குப் பாடம் எதற்கு என்பார்கள். பழக்கம் நல்லதே, அது ஒவ்வொரு நாளும் நடப்பதைக் கற்பிக்கும். பத்து வருஷத்தில் ஒரு நாள் நடப்பதைப் பயிற்சிதான் கற்பிக்கும். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களெல்லாம் ஒத்திகை பார்க்க வேண்டும்.

நாம் கோருவது மிகையானதன்று. பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவன் கையில் துடுப்பையோ சுக்கானையோ கொடுக்கலாகாது. படகு கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கையைப் படகின்மேலேயே, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் காணும்படி, தமிழில் பெரிய எழுத்தில் தீட்ட வேண்டும். வாரைக் கட்டாதவரை ஏற்றலாகாது. அவர் அதிகாரியாயினும் மந்திரியாயினும் சரி. சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷப் பாடம் கேட்ட பிறகே துறையில் இறங்க வேண்டும். மலைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், நீச்சலும் மூச்சுக் கொடுக்கும் முறையும் கற்பிக்க வேண்டும். வேலைக்கு உள்ளூர் வாலிபருக்கே முதலுரிமை வேண்டும்.

இதைச் சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அரசியல் தொண்டாற்றும் நமது நேயர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22-ந் தேதியும் ஒன்று; அது உலகத் தண்ணீர் தினம். அடுத்த மாதத்திலேயே கோடை விடுமுறைக் கூட்டம் மலையேறத் தொடங்கிவிடும். எந்த ஊராட்சியின் எல்லைக்குள் படகு மிதக்கிறதோ, அந்த ஊராட்சியின் கிராம சபையில் அன்று எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படகுகள் பதிவாகியிருக்கின்றனவா? ஓட்டுபவரின் சான்றிதழ் எங்கே? மிதவைச் சட்டைகள் எத்தனை, அவற்றைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? பதில் கிடைக்காவிட்டால் தீர்மானம் நிறைவேற்றுங்கள், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருங்கள்.

மாண்ட பின் மலர்வளையம் வைப்பதற்கு நம் தலைவர்கள் தவறுவதில்லை. மாளாமல் காப்பதற்கு ஒரு கயிறும், ஒரு வாரும், சில வாரப் பயிற்சியும் போதுமாயிருக்க, அவற்றைக் கொடுக்கத் தவறிய நாடு தன்னைத் தானே ஆளுகிறது என்று பெருமைப்பட இடமில்லை. கோமுட்டேரியில் இந்தக் கோடையிலும் குழந்தைகள் படகேறுவார்கள். அவர்களை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கும் கை நெல்லிவாசல்நாட்டுக் கையாகவும், கற்ற கையாகவும் இருக்கட்டும்.